காற்று இறங்கிய வீலும் மூடுபனிக்கு முந்தைய மூன்று மணி நேரமும்

கார்த்திகை மழை ஓய்ந்த வாரத்தில் என் காரின் முன்பக்க இடது டயரில் காற்று இறங்க ஆரம்பித்தது. 33 பவுண்டு வைத்தால் நான்காம் நாள் 24. கோத்தகிரியில் குளிர் ஏறும்போது எல்லா டயரிலும் ஒன்றிரண்டு பவுண்டு குறைவது வழக்கம் என்பதால் முதலில் கண்டுகொள்ளவில்லை. மற்ற மூன்றும் 31-இல் நிற்க, இது மட்டும் வாரம் இரண்டு முறை என்னைக் காற்று பிடிக்க அனுப்பியது. பஞ்சர் கடைத் தம்பி வீலைக் கழற்றி, தொட்டித் தண்ணீரில் முக்கி உருட்டிக்கொண்டே வந்தார். ரப்பரில் எங்கும் குமிழி இல்லை. டயரும் ரிம்மும் சேரும் ஓரத்தில், ஒரே இடத்தில், கடுகு கடுகாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது.

“அக்கா, ஆணி எதுவும் இல்ல. ரிம்முல இருந்து போகுது. அலாய் அரிச்சிருக்கும்” என்றார்.

டயரைக் கழற்றியதும் தெரிந்தது. டயர் உட்காரும் வளையத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினால் பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. வெளிமுகத்தில், மேலே பூசியிருக்கும் பளபளப்பான லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள். அதுவரை அவற்றை வெறும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கார் 2013 மாடல், இரண்டாம் கையாக வாங்கியது. 15 அங்குல அலாய் வீல், அதாவது அலுமினியக் கலவையில் செய்தது. தம்பி அந்த இடத்தைத் தேய்த்து, கறுப்புப் பசை தடவி, டயரைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தார். “இது தற்காலிகம்தான் அக்கா. உள்ள அரிப்பு ஓடிட்டே இருக்கும்” என்றும் சொன்னார். நான்கு வீலையும் வீட்டிலேயே சரி பண்ணிவிடலாம் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது. வீட்டில் அப்பா இருந்தார் என்பது பெரிய தைரியம். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேயிலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. ரோலர்களுக்குப் பல் தீட்டிய கை.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் சொல்வது பாதிதான் உண்மை. இரும்பு மாதிரி சிவப்பாகத் துருப்பிடிக்காது. காற்றுப் பட்டவுடனே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று படிந்துவிடும். அதுவே அதற்குக் காவல். அந்தத் தோலை அமிலமோ உப்போ உடைத்து, ஈரமும் அங்கேயே தங்கினால் அரிப்பு தொடங்கும். வெளிவருகிற வெள்ளைப் பொடி, அது தின்ற உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் மேலே இருக்கும் லேக்கரை நெம்பித் தூக்கும். தூக்கிய இடுக்கில் இன்னும் ஈரம் போகும். ஒரு சின்னக் கீறலில் தொடங்குவது இப்படித்தான் விரல் நீளத்துக்கு வளர்கிறது.

நம் மலையில் இதற்குக் காரணங்கள் கூடுதல். சரிவில் வண்டியை நிறுத்தும்போது முன்வீலை ஓரக்கல் பக்கம் திருப்பி முட்டக் கொடுத்து நிறுத்துவோம். பிரேக் விட்டாலும் வண்டி உருளாது. நல்ல பழக்கம், நானும் விடப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ரிம்மின் விளிம்பு கல்லில் உரசுகிறது. அடுத்தது காட் ரோடு, மலைப்பாதை. குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் 33 கிலோமீட்டரும் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால், பேடில் இருந்து உதிரும் சூடான இரும்புத் துகள் லேக்கரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்று டிரைவர்கள் சொல்வது பிரேக்குக்கு மட்டுமல்ல, வீலுக்கும் நல்லது. மூன்றாவது மூடுபனி. சமவெளியில் மழை நனைத்தால் வெயில் காய வைத்துவிடும். இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வண்டி ஓடாத நாளில்கூட வீல் நனைந்தே இருக்கும்.

இவற்றோடு நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. ஒரு வாட்டர் சர்வீஸில் வீலுக்கென்று ஏதோ திரவத்தைப் பிரஷ்ஷால் தடவுவார்கள். தடவிய நிமிடத்தில் நுரைத்துப் பளபளக்கும். அது அமிலம். லேக்கர் முழுசாக இருக்கும் வீலில் உடனே கழுவிவிட்டால் தப்பிக்கலாம். என் வீலில் கீறல்கள் இருந்தன. அவற்றுக்குள் போன அமிலம் எந்தத் தண்ணீருக்கும் வெளியே வந்திருக்காது. இரண்டு வருஷம் அதே இடத்தில்தான் கழுவினேன்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். விரிசல் இருக்கிற வீலையும் வளைந்த வீலையும் தொடக் கூடாது. பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் விரிசல் மறையும், ஆனால் அங்கேயே இருக்கும். கொண்டை ஊசி வளைவில் முன்வீல்தான் பாரத்தில் பெரும்பகுதியை வாங்குகிறது. கழுவித் துடைத்த வீலை வெயிலில் வைத்து, ஆரக்கால்களின் பின்பக்கம், நட்டு உட்காரும் துளைகளைச் சுற்றி, உள்வளையம் என்று டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். வளைவு பார்க்க, வீலை வண்டியிலேயே ஜாக்கியில் தூக்கி வைத்து, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நுனி ரிம் விளிம்பை ஒட்டி நிற்கும்படி வைத்து, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். இடைவெளி கூடிக் குறைந்தால் வளைவு இருக்கிறது. எங்கள் நான்கில் எதிலும் இல்லை. இருந்திருந்தால் கோயம்புத்தூருக்குத்தான் அனுப்பியிருப்போம். முகம் முழுக்க லேத்தில் செதுக்கி மெல்லிய வரி வரியாக மின்னும் டைமண்ட் கட் வீல்களும் வீட்டு வேலை இல்லை. உப்புத்தாள் போட்டால் அந்த வரி போய்விடும். லேத்தில் மறுபடி செதுக்க ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் குறையும்.

ஸ்டெப்னி ஒன்றுதான் என்பதால் ஒரு சமயத்தில் ஒரு வீல் என்று கணக்கு. எங்கள் வீட்டு முன்னால் ஒரு பாய் அளவுக்குக்கூடச் சமதளம் கிடையாது. அதனால் ஜாக்கி போடுவதைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டியை முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, தாழ்வான பக்கத்து வீல்களுக்குக் கீழே கல் வைக்க வேண்டும். சின்னக் கல் போதாது, அடுப்புக் கல் அளவுக்கு இரண்டு. நட்டுகளை வீல் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம்தான் ஜாக்கி. தூக்கிய பிறகு ஸ்பேனரைத் தொங்கி மிதித்தால் சரிவில் வண்டி ஜாக்கியை விட்டு நழுவும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையோ காலோ நீட்டக் கூடாது.

டயரைக் கழற்றாமலும் செய்யலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளையோ சீட்டுக்கட்டையோ டயருக்கும் ரிம்முக்கும் நடுவே வரிசையாகச் செருகினால் டயரில் பெயின்ட் படாது. விளிம்புக் கீறல் மட்டும் உள்ள வீலுக்கு அது போதும். எனக்கோ பிரச்சினையே டயருக்கு அடியில்தான், அதனால் நான்கையும் கழற்றினேன். கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப ஏற்றும்போது அதே இடத்தில் உட்கார வைக்கலாம்.

கழுவுவதற்கு ஷாம்பூ தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும். தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி, பின் மறுபடி சோப்பு. உள்வளையத்தில் படிந்திருந்த பிரேக் துகளுக்கு இரும்புத் துகள் கரைக்கும் திரவம் ஒன்று கடையில் கிடைக்கிறது. தெளித்த கொஞ்ச நேரத்தில் ஊதா நிறமாக வழியும். அமிலமில்லாதது என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். புளிக்குழம்பு கொதித்த அலுமினியச் சட்டி உள்ளே வெள்ளை வெளேரென்று ஆவதைப் பார்த்த அனுபவம் அவருக்கு. ஆனால் லேக்கர் இருக்கும் இடத்தில் புளி உலோகத்தைத் தொடாது, லேக்கர் உடைந்த இடத்தில் அரிப்புக்குள் போய்த் தங்கிவிடும். வேறொருவர் பெயின்ட் உரிக்கக் காஸ்டிக் சோடா சொன்னார். அதைக் கட்டாயம் செய்யாதீர்கள். காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும், அப்போது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வரும்.

பழைய லேக்கரையும் பெயின்ட்டையும் ஜெல் மாதிரி இருக்கும் பெயின்ட் ரிமூவர் போட்டு உரித்தோம். திறந்த வெளியில், கெட்டியான ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. தடவிப் பத்து நிமிடத்தில் லேக்கர் அப்பளம் மாதிரி பொங்கும். மரக்கரண்டியால் வழித்தால் வந்துவிடும். ஒரு துளி மணிக்கட்டில் பட்டு நெருப்பு சுட்டது போல எரிந்தது, பக்கத்தில் தண்ணீர் வாளி இருந்ததால் உடனே கழுவினேன். வழித்த கழிவைக் கழுவி விடாமல் செய்தித்தாளில் கொட்டிக் காயவைத்துத் தனியே கட்டி வைத்தோம். எங்கள் வீட்டுக் கழிவு நீர் கீழே தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி ஓடையில் சேருகிறது. அந்த ஓடையில் இருந்து தண்ணீர் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம் என்று அப்பா கையில் இருந்து பிடுங்கினார். இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து நின்று, ஈரம் பட்டதும் அதைச் சுற்றிப் புதிதாக அரிப்பைக் கிளப்பும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் நைலான் பிரஷ்ஷும் போதும்.

டயர் உட்காரும் வளையத்தில்தான் பொறுமை அதிகம் வேண்டும். வெள்ளைப் பொடி முழுக்கப் போய், சுத்த உலோகம் தெரியும் வரை 240, பின் 320 எண் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட நைசு) தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். அங்கே அரம் போடக் கூடாது, பட்டி வைக்கக் கூடாது. வட்டம் கெட்டுவிட்டால் எந்தப் பசையாலும் காற்றை நிறுத்த முடியாது. பொடியில் கொஞ்சம் குழிக்குள் விட்டுவைத்தாலும் பெயின்ட்டுக்கு அடியில் திரும்ப முளைக்கும். இரண்டாவது வீலில் நான் முடித்துவிட்டேன் என்று வைத்ததை அப்பா ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் பார்க்கச் சொன்னார். ஈரத்தில் மறைந்திருந்த சாம்பல் புள்ளிகள் காய்ந்ததும் தெரிந்தன. அதன் பிறகு காயாமல் எதையும் முடிவு செய்வதில்லை.

வெளிவிளிம்பில் கல் உரசிய இடங்கள் சொரசொரவென்று பல் பல்லாக இருந்தன. துருத்தியவற்றை மெல்லிய அரத்தால் தட்டையாக்கி, 120 உப்புத்தாள், 180, 240, 320, 400. இங்கேதான் அப்பா எனக்கு உண்மையில் ஏதோ கற்றுக்கொடுத்தார். ஒரு தாளில் தேய்த்த திசைக்குக் குறுக்கே அடுத்த தாளைத் தேய்க்க வேண்டும். முந்தைய தாளின் கோடுகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போன பிறகுதான் அடுத்தது. 120-இல் இருந்து 320-க்குத் தாவினால் நேரம் மிச்சம் மாதிரி தெரியும். சில்வர் பெயின்ட் அடித்ததும் அந்த 120-இன் கோடுகள் எல்லாம் மேலே வந்து நிற்கும்.

அப்புறம் ஒரு நாள், நான் 320 முடித்து உள்ளே கொண்டுபோன வீலை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி வந்தார். ஒரு இடத்தில் நின்றார். இரண்டு விரல் பின்னால் வந்து மறுபடி போனார். “இங்க ஒரு படி இருக்கு கண்ணு. பெயின்ட் முடியற இடம்” என்றார். நான் குனிந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, என்னையும் கண்ணை மூடச் சொன்னார். இரண்டாவது முறை போகும்போது விரல் நுனியில் தட்டியது, ஒரு தலைமுடியின் மேல் ஏறி இறங்குவது போல. ரிமூவருக்கு உரியாமல் பழைய பெயின்ட் நிற்கும் இடத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள அந்தப் படியைச் சரிவாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பெயின்ட் அங்கே கோடு காட்டும், உரிவதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அதிலிருந்து ஒவ்வொரு தாள் முடிந்ததும் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பது எனக்கும் பழக்கமாகிவிட்டது.

தேய்க்கும்போது முகமூடி போடுங்கள். முடிந்தவரை தண்ணீர் வைத்தே தேய்க்க வேண்டும். அலுமினியத் தூள் நைசாகப் பறக்கும், பக்கத்தில் இரும்பில் கிரைண்டர் போட்டுத் தீப்பொறி விழுந்தால் பற்றும்.

விளிம்பில் இரண்டு இடங்களில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் பள்ளம் இருந்தது. அதற்கு இரண்டு பாகமாக வரும் எபாக்ஸி மெட்டல் பட்டி. டப்பாவில் போட்டிருந்த நேரத்தில் அது இறுகவில்லை. சமவெளியின் சூட்டுக்கு எழுதிய நேரம் அது, எங்கள் திண்ணையில் அன்று 14 டிகிரி. மறுநாள் உப்புத்தாள் போட்டால் பிசின் மாதிரி சுருண்டு வந்தது. பக்கத்து வீட்டு அண்ணா கார்னேஷன் போட்டு எடுத்துவிட்டுக் காலியாக வைத்திருந்த பாலிஹவுஸை, பிளாஸ்டிக் தாள் மூடிய செடிக் கொட்டகையை, காட்டினார். செடி இல்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை, உள்ளே காய்ந்த சூடு. பகல் 11 மணிக்கு 30 டிகிரிக்கு மேல் போகும். பட்டி வைத்த வீலை அங்கே ஒரு முழு நாள் வைத்தோம். கல் மாதிரி இறுகியது. பாலிஹவுஸ் இல்லாதவர்கள் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வைக்கலாம்.

முதல் வீலைப் பெயின்ட் அடிக்காமல் பாலிஷ் செய்து கண்ணாடி ஆக்கினேன். அது என் ஆசை. 400-க்குப் பிறகு 600, 800, 1000, 1500, 2000 வரை வாட்டர் பேப்பர். பிறகு டிரில்லிங் மெஷினில் பருத்தித் துணி பஃப் மாட்டி மெட்டல் பாலிஷ். கறுப்பாக மசி வந்துகொண்டே இருக்கும், அது அழுக்கு இல்லை, உரசலில் வரும் உலோகமும் ஆக்சைடும். ஒரே இடத்தில் அழுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நாள் சாயங்காலம் முழுக்க அதே வேலை. முடிந்தபோது வேலியில் இருந்த சில்வர் ஓக் மரம் இலை இலையாக வீலில் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்று வாரம் நின்றது. ஒரு வாரம் தொடர்ந்து மூடுபனி இருந்ததில் சாம்பல் பூத்து, சொட்டு நின்ற இடமெல்லாம் வட்டம் வட்டமாகக் கறை. திரும்பப் பாலிஷ் போட்டால் வரும், ஆனால் மழைக்காலம் முழுக்க வாரா வாரம் யார் போடுவது? சரி, மேலே கிளியர் (நிறமில்லாத லேக்கர்) அடித்துவிடலாம் என்றால் அதிலும் சிக்கல். கண்ணாடி போல வழவழப்பான உலோகத்தில் கிளியர் பிடித்து நிற்கப் பிடிமானம் இல்லை. ஒரு கல் பட்டால் போதும், தாள் தாளாக உரியும். ஆகவே ஈரம் நிற்கும் ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓடுகிற வீலை வெற்று அலுமினியமாகப் பாலிஷ் செய்து விடாதீர்கள். பிரைமர், பெயின்ட், கிளியர் என்று மூடிவிடுங்கள். அந்த முதல் வீலை நானே மறுபடி 400 போட்டு மங்கலாக்கினேன். கையில் எடுத்துத் தேய்க்க மனசே வரவில்லை, தேய்த்தேன்.

பெயின்ட்டுக்கு ஸ்ப்ரே கேன்தான். இரண்டு பாகம் கலக்கும் கிளியர் கெட்டியாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பெரிய ஆபத்து, வெளியில் இருந்து காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் அடிக்கக் கூடாது. நான் ஒற்றைப் பாகக் கிளியரோடு நின்றுகொண்டேன். கடைசியாகத் தின்னர் தொட்ட சுத்தமான துணியால் ஒரே திசையில் துடைத்து, அதன் பிறகு வெறும் விரல் படாமல், அன்றைக்கே எட்ச் பிரைமர். வெற்று அலுமினியத்தில் சாதாரண பிரைமர் சரியாகப் பிடிக்காது. எட்ச் பிரைமர் உலோகத்தைக் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். பட்டி வைத்த இடத்தில் அதை அதிகம் பட விடவில்லை. அதன் மேல் சாதாரண சாம்பல் பிரைமர், காய்ந்து 600-இல் மெல்லத் தேய்ப்பு, பிறகு சில்வர் மூன்று கை, கிளியர் மூன்று கை. ஒரு சாண் தூரத்தில் இருந்து, விளிம்புக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். முதல் கை அடித்ததும் அடி தெரிய வேண்டும். ஒரே கையில் மூடப் பார்த்தால் வழியும்.

மூடுபனி எனக்குப் பாடம் எடுத்தது கிளியரில்தான். பிப்ரவரி ஆரம்பம், நல்ல வெயில். சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு மணிக்கு இரண்டாவது கை அடித்தேன். பள்ளத்தாக்கில் இருந்து மூடுபனி ஏறுவது தெரிந்தது, வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கடைசி ஆரக்காலை முடிக்கும்போது முதல் ஆரக்கால் பால் தெளித்த மாதிரி வெளுத்திருந்தது. கிளியரில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து கிளியருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதைத் துடைக்க முடியாது. அடுத்த வாரம் காய்ந்த நாளில் 1000 வாட்டர் பேப்பரால் மேலோட்டமாகத் தேய்த்து, மறுபடி ஒரு மெல்லிய கை அடித்தேன். புதுக் கரைப்பான் பழைய கிளியரை இளக்கி உள்ளே இருந்த ஈரத்தை விட்டதில் வெளுப்பு பெரும்பாலும் தெளிந்தது. ஒரு ஆரக்காலின் பக்கவாட்டில் மட்டும் இன்றைக்கும் மங்கல்.

அதற்குப் பிறகு காலை 10 மணிக்கு முன்னும் மதியம் 1 மணிக்குப் பின்னும் கேனைத் தொடவில்லை. பத்துக்கு முன் வீலே பனியில் சில்லென்று இருக்கும், ஒன்றுக்குப் பின் மூடுபனியை நம்ப முடியாது. வீலைக் காலையிலேயே பாலிஹவுஸில் வைத்து வெதுவெதுப்பாக்கி, வெளியே கொண்டுவந்து அடித்து, காய்வதற்கு மட்டும் மறுபடி உள்ளே. கேனையும் குளிக்கும் சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிற்க வைத்தால் தூறல் மாவு மாதிரி வரும். குளிர்ந்த கேன் துப்பும். அடுப்புப் பக்கமோ கொதிநீரிலோ வைத்தால் வெடிக்கும். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே கேனில் போட்டிருந்த 10 நிமிடத்தை நான் 25 ஆக்கினேன். சாத்தியமான நாட்கள் மாதத்தில் ஏழெட்டுதான் கிடைத்தன. நான்கு வீலுக்கும் சேர்த்து ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் நடுவரை ஆயிற்று. நீலகிரியில் இந்த வேலைக்கு அந்த மாதங்கள்தான்.

மறைக்க வேண்டிய இடங்கள் இரண்டு. நட்டு உட்காரும் கூம்புக் குழிகள், வீல் ஹப்பில் ஒட்டும் பின்முகம். அங்கே பெயின்ட் இருந்தால் ஓட ஓட நசுங்கி நட்டு தளரும். பழைய நட்டுகளையே துளையில் செருகி வைத்தும், பின்முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டியும் அடித்தேன். ஹப்பில் இருந்த துருவை, அது இரும்பு என்பதால், கம்பிப் பிரஷ்ஷாலேயே தேய்த்தோம்.

கிளியர் முடிந்து ஒரு வாரம் காய விட்டுத்தான் டயர் ஏற்றக் கொண்டுபோனேன். கடையில் இரண்டு விஷயம் கேட்டு வாங்கினேன். மெஷினின் பிடி ரிம்மைக் கவ்வும் இடத்தில் துணி வைக்க வேண்டும். பேலன்சிங்குக்கு விளிம்பில் அடித்து மாட்டும் ஈயக்கட்டி வேண்டாம், உட்பக்கம் ஒட்டும் கட்டிதான் வேண்டும். என் பழைய வீல்களில் அரிப்பு கிளம்பிய இடங்களில் ஒன்று அப்படி அடித்து மாட்டிய கட்டிக்குக் கீழேதான். சுத்தியல் லேக்கரை உடைத்திருக்கிறது, அந்த உடைப்புக்குள் ஈரம் போயிருக்கிறது.

நட்டை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவைப் பாருங்கள். ஸ்பேனரில் ஏறி மிதிப்பது அலாய் வீலுக்கு ஆகாது. மேட்டுப்பாளையம் ஒருமுறை போய் வந்து, வீல் ஆறியதும் மறுபடி அளந்தேன். ஒரு நட்டு மட்டும் கால் சுற்று வாங்கியது. சாமான்கள் ஐயாயிரம் ரூபாயைத் தொட்டன, டயர் கழற்றி ஏற்றும் கூலி தனி.

இப்போது காட் ரோடு இறங்கி வந்தவுடன் வீலில் தண்ணீர் அடிப்பதில்லை. டிஸ்க் கொதிக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணும் அபாயம் உண்டு, கிளியருக்கும் நல்லதல்ல. அரை மணி ஆறவிட்டு, சாதாரண கார் ஷாம்பூ மட்டும். வாட்டர் சர்வீஸுக்குப் போனால் வீலைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் மழைக்கு முன்னால் நான்கையும் கழற்றி உள்ளும் புறமும் மெழுகு பூசினேன்.

போன டிசம்பரில் முன்பக்க இடது வீலில், வால்வுத் துளைக்குப் பக்கத்தில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. ஜனவரி வரை காத்திருக்காமல் அன்றைக்கே பிளேடு நுனியால் சுரண்டி, 400-ஐக் கோலிக்குண்டு அளவுக்குச் சுருட்டித் தேய்த்தேன். ஹேர் டிரையர் காட்டிக் காயவைத்து, தீக்குச்சி நுனியால் எட்ச் பிரைமர் ஒரு சொட்டு, அது காய்ந்ததும் சில்வர் ஒரு சொட்டு. கிளியரை மட்டும் நல்ல வெயில் வரும் வரை தள்ளிவைத்து, பிப்ரவரியில் பதினோரு மணிக்கு வைத்தேன். காற்று 33 வைத்த மற்ற மூன்றைப் போலவே அதுவும் குளிருக்கு 31-இல் நிற்கிறது.